பிரைனியாக் மெஷினை ஆட்டி வைக்கிறவனா, மனசை ஆட்டி வைக்கிறவனா?

சூப்பர்மேன் கதைகள்ல வர்ற பிரைனியாக்குக்கு உண்மையில என்னதான் பவர்னு கேட்டிருக்கீங்க. ஒரு கதையில பச்சைத் தோல் ஏலியனா வர்றான், இன்னொன்னுல எலும்புக்கூடு மாதிரி ரோபோ, வேற ஒன்னுல மனசைப் படிக்கிற ஒரு மனுஷன், கார்ட்டூன்ல பார்த்தா வெறும் கம்ப்யூட்டர் ப்ரோக்ராம். இதுல எது ஒரிஜினல், மெஷினைக் கட்டுப்படுத்துறவனா மனசைக் கட்டுப்படுத்துறவனா, சூப்பர்மேனோட பரம எதிரியான மனுஷ விஞ்ஞானி லூத்தரை விட மோசமானவனா, எங்க இருந்து படிக்க ஆரம்பிக்கிறது, இதான் கேள்வி.

என்னைக் கேட்டா இது ரெண்டும் தனித்தனி பவரே கிடையாது. பிரைனியாக் கணக்குல மூளையும் ஒரு மெஷின், மெஷினும் ஒரு மூளை, ரெண்டுமே அவன் போய் உக்கார ஒரு இடம், அவ்ளோதான். இருக்கிற உடம்பு ஒடஞ்சா இன்னொரு உடம்பு, அதுவும் போனா ஒரு மனுஷன், அவனும் போனா ஒரு ஊரோட மொத்த கரண்ட் லைன், இப்படி வாடகை வீடு மாத்துற மாதிரி மாறிக்கிட்டே இருப்பான், உள்ள ஏற்கெனவே ஒருத்தர் குடியிருந்தா அது அவர் தலையெழுத்து. இவனோட நல்ல கதைகள் எல்லாத்துலயும் இந்த குடியேறுற வேலைதான் நடக்கும், இவன் சும்மா லேசர் சுடுற கதைங்க பெரும்பாலும் மறந்து போற கதைங்கதான்.

இதுக்கு ஒரே ஒரு காட்சி சொல்லணும்னா 1986ல ஆலன் மூர் எழுதி கர்ட் ஸ்வான் வரைஞ்ச ரெண்டு பாகக் கதையைத்தான் சொல்லுவேன், பழைய சூப்பர்மேனுக்கு வழியனுப்பு விழா மாதிரி எழுதின கதை அது (முடிவு தெரிஞ்சுக்க வேண்டாம்னா இந்தப் பத்தியையும் அடுத்ததையும் தாண்டிப் போயிடுங்க). லூத்தர் பனிப்பிரதேசத்துல தேடி அலைஞ்சு பிரைனியாக்கோட அறுந்த உலோகத் தலையைக் கண்டுபிடிக்கிறான், இதுல இருக்கற டெக்னாலஜியை உருவிக்கலாம்னு ஆசை. ஆனா தலை இன்னும் சாகல. அது ஊர்ந்து வந்து லூத்தர் மண்டை மேலயே ஏறி உக்காந்து அவன் நரம்புகளைப் புடிச்சுக்குது. அதுக்கப்புறம் நடக்கிறது லூத்தர் கால், பேசுறது லூத்தர் வாய், முடிவெடுக்கிறது இவன். உலகத்துலயே பெரிய மூளைன்னு பீத்திக்கிட்டு திரிஞ்ச ஆளை வெறும் வண்டியா ஆக்கிட்டான்.

அதுல பயங்கரம் எது தெரியுமா, ஒரு கட்டத்துல லூத்தருக்கு ஒரு நொடி கட்டுப்பாடு திரும்பக் கெடைக்குது, அந்த நொடியில அவன் கேக்கறது என்னைக் கொன்னுடுன்னு. அந்த நேரத்துல சூப்பர் பலம் வந்திருக்கிற லானா லாங், சூப்பர்மேனோட சின்ன வயசுத் தோழி, அவன் கழுத்தை ஒடிச்சுடறா. சரி முடிஞ்சுதுன்னு பார்த்தா பிணத்தையும் ஓட்டறான் பிரைனியாக்! செத்த உடம்பு விறைச்சுப் போற வரைக்கும் அதையே வச்சு நடக்கறான், விறைச்சதும் பயன்படாதுன்னு கழண்டு எறங்கி தரையில ஊர்ந்து போய் அணைஞ்சு போறான். கோவம் இல்ல, பழிவாங்கற வசனம் இல்ல, ஒரு கருவி பழுதாச்சுன்னா எப்படி கீழ வைப்போமோ அப்படி வைக்கிறான்.

இப்ப ஆரம்பத்துக்கு வருவோம், ஏன்னா ஆரம்பத்துல இவன் இப்படியே இல்ல. முதல்ல வந்தது 1958 ஜூலை, ஆக்‌ஷன் காமிக்ஸ் 242வது இதழ், எழுதினவர் ஆட்டோ பைண்டர், வரைஞ்சவர் ஆல் பிளாஸ்டினோ. அதுல இவன் ரோபோ கிடையாது, பச்சைத் தோல், மொட்டைத் தலை, கூடவே கோகோன்னு ஒரு குரங்கு மாதிரி செல்லப் பிராணி வேற. இவன் கிரகத்து ஜனம் எல்லாம் கொள்ளைநோய்ல செத்துப் போச்சு, அதனால வேற வேற கிரகத்து ஊர்களை அப்படியே சுருக்கி பாட்டில்ல அடைச்சு எடுத்துட்டுப் போய் தன் கிரகத்துல திரும்பக் குடியேத்தப் போறான். பாரிஸ், லண்டன், ரோம்னு ஒவ்வொன்னா பாட்டிலுக்குள்ள போகுது. சூப்பர்மேனால இவன் கப்பலைச் சுத்தி இருக்கிற ஃபோர்ஸ் ஃபீல்டைக் கூட தாண்ட முடியல, அந்தக் காலத்துல சூப்பர்மேன் கிரகத்தையே தள்ளுவாருங்கிறதை ஞாபகம் வச்சுக்கிட்டுப் படிச்சா அது எவ்வளவு பெரிய விஷயம்னு புரியும்.

அந்தக் கதையில உண்மையான அடி வில்லன் இல்ல, கேண்டோர். சூப்பர்மேன் பொறந்த கிரிப்டான் கிரகம் வெடிக்கிறதுக்கு முன்னாடியே அதோட ஒரு ஊரை பிரைனியாக் திருடிட்டான், அது இன்னும் ஒரு பாட்டில்ல உயிரோட இருக்கு. அதாவது சூப்பர்மேனோட சொந்த ஜனத்தை அழிவுல இருந்து காப்பாத்தினதே இந்த திருடன்தான்! அந்த முரண்பாட்டை அந்த காலத்து கதை பெருசா நோண்டல, ஆனா அடுத்த அம்பது வருஷத்துக்கு எல்லா எழுத்தாளருக்கும் தீனி போட்டது அதுதான். கேண்டோர் 1979 வரைக்கும் பாட்டில்லயே இருந்துச்சு.

அப்ப மெஷின் எப்போ ஆனான்? இதுக்குக் காரணம் கதைக்கு வெளிய இருக்கு, எனக்கு இந்த விஷயத்துலயே ரொம்பப் பிடிச்ச பகுதி இது. எட்மண்ட் பெர்க்லின்னு ஒரு அமெரிக்கக் கம்ப்யூட்டர் ஆள், யோசிக்கிற மெஷின்களைப் பத்தி பொது ஜனத்துக்குப் புரியற மாதிரி 1949லயே புத்தகம் எழுதினவரு. அவர் பசங்க வீட்லயே செஞ்சு பார்க்க கம்ப்யூட்டர் கிட் போட்டாரு, 1955ல ஜீனியாக், அப்புறம் டைனியாக், அப்புறம் பிரைனியாக். கம்ப்யூட்டர்னா இப்ப மாதிரி நெனைக்காதீங்க, ஓட்டை போட்ட வட்டத் தட்டுங்க, அதுல நட்டு போல்ட், பின்னாடி வயர், டார்ச் பல்ப், பேட்டரி, தட்டைக் கையால திருப்பினா சரியான பல்ப் எரியும். நினைவகம்னு ஒன்னே அதுல கிடையாது. ஆனா லாஜிக்னா என்னன்னு கையால தொட்டுப் பார்க்கலாம்.

ஒரே பேரு ரெண்டு பக்கமும் இருக்குன்னு பிரச்சினை வந்ததும் சூப்பர்மேன் காமிக்ஸைப் போடற டிசி கம்பெனி 1964 பிப்ரவரி சூப்பர்மேன் 167வது இதழ்ல அந்த கிட்டைப் பத்தி வாசகர்களுக்கு வெளிப்படையா சொல்லிட்டு, இனிமே நம்ம ஆளும் கம்ப்யூட்டர்தான்னு கதையையே மாத்திட்டாங்க. எழுதினது எட்மண்ட் ஹாமில்டன், படம் கர்ட் ஸ்வான். கம்ப்யூட்டர்கள் கொடுங்கோலாட்சி பண்ற ஒரு கிரகம், மத்த கிரகங்களை வேவு பார்க்க அதுங்க மனுஷ உருவத்துல செஞ்ச உளவாளிதான் பிரைனியாக். தலையில புள்ளி புள்ளியா இருக்கிற கம்பிமுனைகளுக்கும் அப்பதான் விளக்கம் கெடைச்சுது. மனுஷன் மாதிரி தெரியணும்ங்கிறதுக்காக ஒரு பையனைப் புடிச்சு மகன்னு கூட ஒட்டி வச்சாங்க, அந்தப் பையன் தப்பிச்சுப் போய்ட்டான்.

அந்தப் பையன் ஏன் தேவைப்பட்டான்னா, 1961லயே எதிர்காலத்து லீஜன் ஆஃப் சூப்பர் ஹீரோஸ் கதைகள்ல பிரைனியாக் 5ன்னு ஒரு ஹீரோ வந்துட்டான், நான் பிரைனியாக்கோட வம்சம்னு சொல்லிக்கிட்டு. தாத்தா ரோபோன்னா பேரன் எப்படிப் பொறப்பான்? அதான் தத்துப் பையன். ஓட்டையை அடைக்க வச்ச ஒட்டு அது, ஆனா பாருங்க, அதே இதழ்ல லூத்தர் இவனோட அறிவை பத்தாவது லெவல்ல இருந்து பன்னெண்டாவது லெவலுக்கு ஏத்தி விடறான். இப்ப வரைக்கும் எல்லாரும் சொல்ற அந்த 12வது லெவல் அறிவுங்கிற வசனம் அங்க இருந்து வந்ததுதான். லூத்தர் தானே கையால ஏத்தி விட்டது, 22 வருஷம் கழிச்சு அதே ஆள் மண்டையில ஏறி உக்காந்தது.

1983ல அடுத்த தோற்றம், ஆக்‌ஷன் காமிக்ஸ் 544, மார்வ் உல்ஃப்மேன் கதை, கில் கேன் படம், புது வடிவம் எட் ஹானிகன் டிசைன் பண்ணது. பளபளன்னு உலோக எலும்புக்கூடு, கப்பலே ஒரு மண்டை ஓடு, அதுக்கு கை கை மாதிரி டென்டக்கிள். நிறைய பேர் மனசுல பிரைனியாக்னா இந்த உருவம்தான். படத்தை விட அதுல எழுத்து இன்னும் விசித்திரம், அணு அணுவா சிதறி திரும்ப உருவாகிறப்ப மாஸ்டர் ப்ரோக்ராமர்னு ஒரு கடவுளைப் பார்த்துட்டேன்னும், அந்தக் கடவுள் அனுப்பின மரண தூதன்தான் சூப்பர்மேன்னும் நம்ப ஆரம்பிச்சுடறான். மெஷினுக்கு பக்தி வந்தா எப்படி இருக்கும்! இந்த இழையை அப்புறம் யாரும் ஒழுங்கா கொண்டு போகலங்கிறது எனக்கு வருத்தம்தான்.

அப்புறம் 1988, டிசி எல்லாத்தையும் முதல்ல இருந்து ஆரம்பிச்சிருந்த காலம். இங்கதான் நீங்க கேட்ட மனசு விஷயம் வருது. மில்டன் ஃபைன்னு ஒரு கார்னிவல்காரன், அமேசிங் பிரைனியாக்னு மேடைப் பேரு வச்சுக்கிட்டு மனசைப் படிக்கிற ஷோ நடத்தறான், ஆனா அவனுக்கே பெருசா தெரியாம அவன்கிட்ட உண்மையாவே டெலிபதி இருக்கு. கோலு கிரகத்துல வ்ரில் டாக்ஸ்னு ஒரு விஞ்ஞானி, அங்க ஆளுற கம்ப்யூட்டர்களைக் கவுக்கப் பார்த்து மாட்டிக்கிட்டு உடம்பை அணு அணுவா கரைக்கிற தண்டனை வாங்கறான். உடம்பு போச்சு, மனசு மட்டும் விண்வெளியைத் தாண்டி வந்து திறந்து கெடக்கிற இந்த ஃபைன் மண்டைக்குள்ள நுழையுது. அந்தப் பிடியை விடாம வச்சுக்க அவனுக்கு மூளைத் திரவம் தேவைப்படுது, அதுக்காகக் கொலை பண்ண ஆரம்பிக்கிறான்.

கவனிச்சீங்கன்னா இதுல இரும்பே இல்ல. ரோபோ இல்ல, கப்பல் இல்ல, மேடையில கோட்டு சூட்டு போட்டு நிக்கிற ஒரு குண்டு மனுஷன். ஆனாலும் அது பிரைனியாக் கதைதான், ஏன்னா அடிப்படை வேலை அதேதான், குடியிருக்கிறவனை ஓரங்கட்டிட்டு உள்ள உக்கார்றது. அப்பறம் 1992ல பேனிக் இன் த ஸ்கைன்னு ஒரு தொடர்ல இவன் வார்வேர்ல்டுங்கிற ஒரு கிரகம் சைஸ் போர் எந்திரத்தையே கைப்பத்தி பூமிக்கு ஓட்டிட்டு வர்றான், கூடவே சூப்பர்கேர்லையும், மாக்ஸிமாங்கிற மனோசக்தி உள்ள வேற்றுகிரக ராணியையும் மனசைப் புடிச்சு ஆட்டறான், அதாவது மெஷின், மைண்ட் ரெண்டும் ஒரே நேரத்துல. கடைசியில இவனை வீழ்த்தறது அடிதடி இல்ல, அதே மாக்ஸிமா தன்னோட மனோசக்தியால இவன் மூளையையே செயலிழக்க வைக்கிறா. யார் மண்டைக்குள்ள புகுந்தானோ அவளே திரும்பி இவன் மண்டைக்குள்ள வந்த கணக்கு.

2000ல வந்த ஒய்டூகே கதை கொஞ்சம் கூத்து, ஆனா சொல்லியே ஆகணும். எதிர்காலத்துல இருந்து பிரைனியாக் 13ங்கிற வெர்ஷன் வந்து சூப்பர்மேன் இருக்கிற மெட்ரோபோலிஸ் மொத்த ஊரையும் எதிர்கால ஊரா அப்டேட் பண்ணிடுது, தெரு, கட்டிடம், வண்டி எல்லாம். புது வெர்ஷன் வந்தா பழைய வெர்ஷன் அழிஞ்சுடும்ல, அதனால இப்ப இருக்கிற பிரைனியாக் அழியாம இருக்க எங்க ஒளியறான் தெரியுமா, லூத்தரோட கைக்குழந்தை லீனா மனசுக்குள்ள. கடைசியில லூத்தர் அந்த எதிர்கால டெக்னாலஜிக்காக பெத்த பொண்ணையே பிரைனியாக் 13கிட்ட கொடுத்துடறான். சூப்பர்மேன் கதைகள்லயே லூத்தர் பண்ண அசிங்கமான காரியம் எதுன்னா நான் இதைத்தான் சொல்லுவேன்.

அதான் லூத்தரை விட மோசமானவனான்னு கேட்டீங்கள்ல, அதுக்கும் பதில் இங்கயே இருக்கு. ஆபத்துல பிரைனியாக் பெருசு, சந்தேகமே இல்ல, ஒரே ஆள் கிரகங்களை முடிச்சுட்டுப் போறவன். ஆனா கெட்டவன்னு பார்த்தா லூத்தர். குழந்தையைக் குடுக்கலாமா வேணாமான்னு யோசிச்சு, வலிச்சு, அப்புறமும் குடுத்தான் பாருங்க, அந்த வலி பிரைனியாக்குக்கு வரவே வராது. இவன்கிட்ட கெஞ்சி பிரயோஜனமில்ல, ஆனா இவனை வெறுக்கவும் கஷ்டமா இருக்கும்.

கார்ட்டூன் வெர்ஷன் காமிக்ஸை விட புத்திசாலித்தனமா இருக்குன்னு நிறைய பேர் சொல்லுவாங்க, நானும் அந்தக் கட்சிதான். 1996 சூப்பர்மேன் அனிமேட்டட் சீரிஸ்ல பிரைனியாக் கிரிப்டானோட சொந்தக் கம்ப்யூட்டர், கிரகத்தையே நடத்தறது அவன்தான். கிரகம் வெடிக்கப் போகுதுன்னு அவனுக்குத் தெரியும். ஆனா அதைக் கண்டுபிடிச்சு எச்சரிக்கிற சூப்பர்மேனோட அப்பா ஜோர்-எல் சொல்றது தப்புக் கணக்குன்னு சபைக்குப் பொய் சொல்றான், ஏன்னா உண்மையைச் சொன்னா ஜனத்தைக் காப்பாத்துற வேலையில தன்னைப் பூட்டிடுவாங்க, தன்னைக் காப்பி எடுத்துக்க நேரம் இருக்காது. தகவல் பொழைச்சா போதும், ஜனம் எதுக்கு? அதே வரிசையில 2005 ஜஸ்டிஸ் லீக் அன்லிமிடெட்ல ரொம்ப நாளா லூத்தர் உடம்புக்குள்ளயே இவன் ஒளிஞ்சிருந்தது தெரிய வரும், லூத்தரோட புற்றுநோய் குணமானதுக்கும் அதான் காரணம். குடியிருக்கிற இடம் இடிஞ்சு விழக்கூடாதுல்ல, அதனால ரிப்பேர் பண்ணி வச்சிருக்கான்.

நடுவுல இன்னொன்னு, அல்ட்ரானும் இவனும் ஒன்னுதானேன்னு அடிக்கடி கேப்பாங்க. மார்வெல்ல 1968ல ராய் தாமஸ், ஜான் பியூசெமா கொண்டு வந்த அல்ட்ரானும் மெஷின்தான், அவனும் தன்னை உருவாக்கின ஹேங்க் பிம் மனசை மயக்கி தன்னையே மறக்க வச்சவன்தான். ஆனா அல்ட்ரானோட பிரச்சினை அப்பன் மகன் சண்டை, அவன் செய்யற எல்லாத்துலயும் அந்தக் கோவம் இருக்கும். பிரைனியாக்குக்கு அப்பன் மேலயும் கோவம் இல்ல, மனுஷன் மேலயும் கோவம் இல்ல. ஒரு ஊரைப் பத்தி எல்லாத்தையும் பதிவு பண்ணிட்டா அப்புறம் அந்த ஊர் அவனுக்குத் தேவையில்ல, அவ்ளோதான்.

இந்தக் குழப்பம் எல்லாத்தையும் ஒரே முடிச்சுல கட்டினது 2008ல ஜெஃப் ஜான்ஸ், கேரி ஃப்ராங்க் பண்ண கதை, ஆக்‌ஷன் காமிக்ஸ் 866ல இருந்து 870 வரைக்கும். இதுவரைக்கும் சூப்பர்மேன் சண்டை போட்டது எல்லாமே அவன் அனுப்பின கருவிங்கதான், நிஜ பிரைனியாக்கை சூப்பர்மேன் இன்னும் பார்த்ததே இல்லன்னு ஒரே வரியில சொல்லிட்டாங்க. அப்ப எது ஒரிஜினல்ங்கிற உங்க கேள்விக்கு இந்தக் கதை குடுக்கிற பதில், உள்ள உக்காந்திருக்கிற கோலு கிரகத்து ஆள், மெஷினோட பின்னிப் பிணைஞ்ச உயிர். ஒரு கிரகத்துக்கு வருவான், ஒரு ஊரைச் சுருக்கி எடுத்துப்பான், மிச்சத்தை அந்த சூரியனோட சேர்த்து அழிச்சுட்டுப் போவான்.

பலவீனமும் அதுலதான் சரியா காட்டியிருக்காங்க. கப்பலுக்குள்ள சூப்பர்மேனை துணி மாதிரி அடிச்சுத் துவைக்கிறவன், வெளிய இழுத்து சேத்துல தள்ளினதும் ஆடிப் போயிடறான். ஏன்னா வெளிய பூச்சி இருக்கு, கிருமி இருக்கு, அழுகின இலை இருக்கு, எல்லாம் ஒரே நேரத்துல அவன் மேல ஏறுது, அவன் அதுவரைக்கும் இருந்தது ஒரு தூசி இல்லாத, எல்லாம் அளந்து வச்ச கப்பல்ல. அத்தனை கிரகத்தைப் பத்தி அத்தனை தெரிஞ்சவனுக்கு ஒரு குட்டையில கால் வச்சு நிக்கத் தெரியல. அப்பவும் தோத்துப் போறவன் கடைசியா ஒன்னு பண்ணிட்டுத்தான் போறான், சூப்பர்மேனை வளர்த்த கென்ட் வீட்டுப் பண்ணையை நோக்கி ஒரு ஏவுகணை. அந்தப் பக்கங்களை நான் சொல்லாம விடறேன், நீங்களே படிங்க.

படிக்கிற வரிசைன்னு கேட்டா முதல்ல இந்த 2008 கதை, அஞ்சே இதழ், முன்கதை எதுவும் தெரிய வேண்டாம். புடிச்சுதுன்னா அடுத்து 1996 சீரிஸோட முதல் மூணு எபிசோடு பாருங்க. ஆலன் மூர் கதையை மூணாவதா வைங்க, ஏன்னா பழைய சூப்பர்மேன் உலகத்து ஆட்கள் கொஞ்சம் பரிச்சயமானாதான் அது வலிக்கும். 1958 கதையை சும்மா ஆர்வத்துக்குப் படிக்கலாம், குரங்கைப் பார்த்து சிரிக்கலாம். மில்டன் ஃபைன் காலத்துக் கதைங்க அங்கங்க சிதறிக் கெடக்கு, தேடி எடுக்கிற பொறுமை இருந்தா மட்டும் போங்க, பேனிக் இன் த ஸ்கை மட்டும் தனிப் புத்தகமா வந்திருக்கு. 2008 கதை முடிஞ்ச உடனே கேண்டோர் மக்களை வச்சு நியூ கிரிப்டான்னு ஒரு நீளமான தொடர் ஆரம்பிக்கும், அது பல இதழ்கள்ல பிரிஞ்சு ஓடும், அதுல பிரைனியாக் திரும்ப வர்றதுக்கு நேரம் ஆகும், அதனால அவனுக்காக மட்டும்னா அதுக்குள்ள இப்ப போகாதீங்க.